சாக்பீஸ் சரித்திரம் – 17: மலையேறிய சான்றிதழ்

எழும்பூர் அநாதை இல்லத்தில் ஆண்ட்ரூ பெல் பார்த்துப் பழகிய சட்டாம்பிள்ளை முறை கப்பலேறி இங்கிலாந்து போன கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்தக் கதை முழுக்கத் தேடினாலும் ஒரு கேள்வி தட்டுப்படாது. திண்ணைப் பள்ளி வாத்தியாரிடம் சர்க்கார் வந்து, "உனக்குப் பாடம் சொல்லித்தர யார் அனுமதி கொடுத்தது?" என்று கேட்கவே இல்லை. ஊர் கேட்கும். நெல்லும் காசும் கொடுக்கிற தகப்பன் கேட்பான். பிள்ளைக்கு எண்சுவடி மனப்பாடம் ஆகவில்லை என்றால் அடுத்த தெரு வாத்தியாரிடம் கொண்டுபோய் விடுவான். அதுதான் அன்றைய தகுதித் தேர்வு.

சர்க்கார் எப்போது கேட்கத் தொடங்கியது, அந்தக் கேள்வி கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலை மீது எப்படி ஏறியது என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

கேள்வியின் முதல் விதை தாமஸ் மன்றோ போட்டது. கவர்னர் ஆவதற்கு வெகுகாலம் முன்பே, 1790களில், கேப்டன் ரீடின் உதவியாளராகப் பாராமகாலில் குதிரை மேல் அலைந்து நிலம் அளந்த ஆள் அவர். சேலம் சீமையையும் அதன் மலைகளையும் கண்ணால் பார்த்தவர். 1822 ஜூனில் ராஜதானியின் எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். கணக்கு வந்து சேர நாலு வருஷம் ஆனது. 1,28,50,941 மக்கள் தொகைக்கு 12,498 பள்ளிகள். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று அவரே வகுத்துப் பார்த்தார். பள்ளி போதவில்லை என்பதைவிட அவரை உறுத்தியது வாத்தியாரின் வருமானம். மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் தேறாத தொழிலுக்குத் தகுதியான ஆள் எப்படி வருவான் என்று 1826 மார்ச் குறிப்பில் எழுதினார். சென்னையில் வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பள்ளி, கலெக்டர் தலைமையிடங்களில் 15 ரூபாய்ச் சம்பளத்தில் வாத்தியார்கள், தாலுகாக்களில் 9 ரூபாய்ச் சம்பளத்தில் வாத்தியார்கள் என்பது அவர் போட்ட திட்டம்.

பயிற்சியும் சம்பளமும் ஒரே குறிப்பில் சேர்ந்து வந்ததைக் கவனியுங்கள். இந்தத் தொடரில் இனி அடிக்கடி பார்க்கப் போகும் ஜோடி இது. காசு கொடுக்கிறவன்தான் கணக்குக் கேட்பான். சர்க்கார் காசு எந்த ஊர் வரை போனதோ, சான்றிதழும் அந்த ஊர் வரைதான் போனது.

மன்றோ அடுத்த வருஷமே காலராவில் போய்ச் சேர்ந்தார். ஒன்பது வருஷம் கழித்து, 1836ல், அவர் திட்டப்படி தாலுகாக்களில் திறந்த தாசில்தாரிப் பள்ளிகளை இழுத்து மூடினார்கள். அந்தப் பயிற்சிப் பள்ளி பிறகு வேறு உருவங்கள் எடுத்து, இங்கிலீஷ் படிப்புப் பக்கம் போய்விட்டது. கிராமத்து வாத்தியார் பழையபடி நெல்லுக்கும் காசுக்கும் திரும்பினார்.

இதே காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். பிரஷ்யாவில் 1810 ஜூலை 12ஆம் தேதி ஓர் அரசாணை. மேல்நிலைப் பள்ளிகளில் பாடம் நடத்த விரும்புகிறவர் இனி அரசு நடத்தும் தேர்வில் தேற வேண்டும். அதுவரை பாதிரிமார்களின் பிழைப்பாக இருந்ததை அரசு சான்றளிக்கும் தொழிலாக மாற்றிய ஆணை அது. அந்தத் தேதியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

நம்மூரில் ஆசிரியருக்கென்று நிலைத்து நின்ற பயிற்சிப் பள்ளி 1856ல் சென்னையில் வந்தது. உட்ஸ் சாசனம் சொல்லி இரண்டு வருஷத்துக்குள் தொடங்கிய கவர்ன்மென்ட் நார்மல் ஸ்கூல் அது. இன்று சைதாப்பேட்டையில் ஆசிரியர் கல்லூரியாக நிற்பது அதுதான். 1880களின் நடுவில் அது பல்கலைக்கழகத்தோடு இணைந்ததும் எல்.டி. பட்டம் வந்தது. பழைய ஐஸ்கூல் வாசல்களில் 'பி.ஏ., எல்.டி.' என்று தொங்கிய பலகைகளைப் பெரியவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் எல்.டி. ஐஸ்கூல் சங்கதி. கிராமத்துப் பள்ளிக்கு வேறொரு கயிறு தயாரானது. 1868ல் வந்த தேர்ச்சி மானியம்.

லண்டனில் ராபர்ட் லோ 1862ல் கொண்டுவந்த விதியின் சென்னைப் பதிப்பு அது. வாத்தியாருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வருஷத்தில் ஒரு நாள் டெபுடி இன்ஸ்பெக்டர் வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். தேறிய தலைக்கு இத்தனை என்று மானியம் எழுதிவிட்டுப் போவார். வாத்தியார் வீட்டு அடுப்பு எட்டு வயதுப் பிள்ளையின் பெருக்கல் வாய்ப்பாட்டில் எரிந்தது என்று சொல்லலாம். இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை இரவல் வாங்கி உட்கார வைத்ததாகச் சொல்லப்படும் கதைகளை நான் நம்பத் தயார். வயிற்றைக் கட்டி வைத்து நடத்துகிற பரீட்சையில் எல்லாரும் கொஞ்சம் நடிப்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த முறை ஒழிந்து, பயிற்சி பெற்ற ஆசிரியரைப் பார்த்துக் கொடுக்கும் மானியம் வந்தது. டிரெயினிங் முடித்த வாத்தியாருக்கு ஊரில் தனி மதிப்பு ஏற்பட்டது அப்போதுதான். 1920ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டம் ஜில்லாதோறும் கல்விக் குழு அமைத்து, பள்ளிக்கு அங்கீகாரமும் மானியமும் கொடுக்கும் வேலையை அதனிடம் விட்டது. தாலுகா போர்டு பள்ளிகள் பெருகின.

தென்னார்க்காடு ஜில்லாவின் மேற்கு ஓரத் தாலுகா கள்ளக்குறிச்சி. கலெக்டர் கச்சேரி கிழக்கே கடற்கரையில், கடலூரில். போர்டு, மானியம், இன்ஸ்பெக்டர் எல்லாம் சமவெளியில் ஊர் ஊராக வந்தன. கச்சிராயபாளையத்துக்கு அப்பால் பாதை செங்குத்தாகிறது. அங்கே இந்த ஏற்பாடுகளுக்கு மூச்சு வாங்கியது.

காரணம் ஏற்றம் மட்டும் இல்லை. மலை மூன்று ஜாகீர்களின் கையில் இருந்தது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று வம்சங்கள். கீழே ரயத்துவாரி, பட்டாதாரர் நேராகச் சர்க்காருக்கு வரி கட்டுவார். மேலே மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகீர்தாருக்குக் கட்டினார்கள், அவர் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தார்கள். (மலையாளி என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையை ஆள்கிற தமிழ் பேசும் மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்களுக்குள்ளேயே ஒரு கதை உண்டு.) நாடு சுதந்திரமடைந்து, ஜமீன்தாரி ஒழிந்து, காமராஜர் ஆண்டு முடித்த பிறகும் மலையில் ஜாகீர் நீடித்தது. வழக்கு, அப்பீல் எல்லாம் முடிந்து அரசு நேரடியாக ஆளத் தொடங்கியது 1976 ஜூனில். கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே வருஷம்தான்.

காமராஜர் காலத்தில் ஆசிரியர் தொழிலுக்கு நடந்த பெரிய காரியம் ஒன்றைத் தாண்டிப் போக முடியாது. 1955ல் ஓய்வூதியம், சேமநிதி, இன்சூரன்ஸ் மூன்றையும் சேர்த்து உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் கொடுத்தார்கள். இந்தியாவில் அதற்கு முன் எந்த மாநிலமும் செய்யாதது. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் உழைப்பு அதில் உண்டு. சான்றிதழ் பெற்ற வாத்தியாரின் முதுமைக்கு அரசு முதல் முறையாகப் பொறுப்பேற்றது. காசு கூடியதும் கணக்கும் கூடியது. 1973ல் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. யாரை நியமிக்கலாம், எந்தத் தகுதியில் நியமிக்கலாம் என்பதோடு, அரசு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் யாரையும் நீக்க முடியாது என்பதையும் அது எழுதி வைத்தது. ஒழுங்குமுறை என்றால் வாத்தியார் கழுத்தில் விழும் சுருக்கு என்று நினைப்பவர்கள் அந்த 22ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். நிர்வாகியின் கோபத்திலிருந்து வாத்தியாரைக் காத்ததும் அதே சட்டம்தான்.

மலையில் பள்ளி வந்த வழி வேறு. 1920களில் தாழ்த்தப்பட்டோருக்காக லேபர் கமிஷனர் நடத்திய பள்ளிகளின் வாரிசாக 1949ல் ஹரிஜன நலத்துறை உருவானது. பழங்குடிப் பள்ளிகளும் அந்தத் துறையின் கிளையில்தான் முளைத்தன. உண்டு உறைவிடப் பள்ளி என்ற பெயரே மலையின் நிலவரத்தைச் சொல்லிவிடும். ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. பெற்றோர் மிளகுக்கும் காப்பிக்கும் கேரளம், கர்நாடகம் என்று போய்விடுகிறார்கள். பிள்ளை பள்ளியிலேயே தின்று, பள்ளியிலேயே தூங்க வேண்டும். இன்னொரு பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள். ஆக ஒரே மலையில், ஒரே சான்றிதழோடு வேலைக்கு வந்த இரண்டு வாத்தியார்கள் இரண்டு துறைகளின் ஆட்கள். இருவருக்கும் சீனியாரிட்டி பட்டியல் வேறு, மாறுதல் கேட்கிற இடம் வேறு, மேலதிகாரி வேறு. 2023–24 பட்ஜெட்டில் இந்தப் பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித்துறையின் கீழ் கொண்டுவரப் போவதாக அறிவித்தபோது எதிர்ப்பும் கிளம்பியது. நலத்துறையின் பிடி விட்டால் விடுதிச் சோறும் விட்டுப்போகும் என்ற பயம் வெறும் பயம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

1981 ஜூன் 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அத்தனை பேரும் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அன்றிலிருந்து வாத்தியாரின் வாழ்க்கை ஒரு தடிமனான நோட்டுக்குள் போனது. பணிப் பதிவேடு. எஸ்.ஆர். என்றால்தான் ஆசிரியர்களுக்குப் புரியும். முதல் பக்கத்தில் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும், உயரம். அடுத்து அங்க அடையாளம் இரண்டு: வலது முழங்கையில் ஒரு தழும்பு, இடது கன்னத்தில் ஒரு மச்சம் என்கிற மாதிரி. அப்புறம் கைரேகை. பிறகு பட்டங்கள் ஒவ்வொன்றும், அவற்றின் உண்மைத்தன்மை சோதிக்கப்பட்ட குறிப்பும். அதற்குப் பின் இன்கிரிமென்ட், ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு, வருஷா வருஷம் பணி சரிபார்ப்புக் கையெழுத்து. அடையாளத்துக்கு மச்சம் வரை கேட்கிற அந்த நோட்டில், இந்த ஆள் மலையில் தங்குகிறாரா அல்லது தினமும் இறங்கிவிடுகிறாரா என்பதற்கு ஒரு பத்தி கிடையாது.

கல்வராயனில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். வெள்ளிமலைக்கும் சேராப்பட்டுக்கும் கரியாலூருக்கும் பஸ் உண்டு. அங்கிருந்து உள்ளே இருக்கும் ஊர்களுக்கு நடை, அல்லது டூவீலர். கீழே கள்ளக்குறிச்சியிலோ சின்னசேலத்திலோ வீடு எடுத்த ஆசிரியர் பிரேயருக்கு வந்து சேருவது பஸ்ஸையும் மழையையும் பொறுத்தது. கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சிக்கோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போனால் ஐந்து வகுப்புக்கும் மற்றவர் ஒருவரே. மலைப்படி கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டு மேலே இருந்தவர் கீழே வரவும் கீழே இருந்தவர் மேலே போகவும் மலை சுழற்சி என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். அதற்கென்று நடக்கும் கலந்தாய்வு நாளில் யார் முகத்தில் மகிழ்ச்சி, யார் முகத்தில் கவலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மலையில் நிலைத்துத் தங்கி, பிள்ளைகளின் பேச்சுவழக்கில் பேசி, இரவில் விடுதியில் விளக்கேற்றிப் பாடம் நடத்திய ஆசிரியர்களும் உண்டு. அவர்களுக்கும் அதே இன்கிரிமென்ட்தான்.

இந்த நிலையில்தான் நம் கதையின் மிகப் பெரிய தேர்வு வருகிறது. 2010 ஆகஸ்ட் 23ஆம் தேதி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்த டிப்ளமோவோ பி.எட்.டோ மட்டும் போதாது, தகுதித் தேர்விலும் தேற வேண்டும் என்றது. 150க்கு 90 மதிப்பெண். அதுவரை தமிழ்நாட்டில் வேலை பெரும்பாலும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் கிடைத்துவந்தது. பதிவு அட்டையை வருஷக் கணக்காகப் புதுப்பித்துக்கொண்டே, கார்டு வரும் என்று தபால்காரரைப் பார்த்து உட்கார்ந்திருந்த தலைமுறை அது. ஆசிரியர் தேர்வு வாரியம் 2012ல் முதல் தேர்வை நடத்தியது. தேதி ஜூலை 12. பிரஷ்ய ஆணைக்குச் சரியாக 202 வயது நிறைந்த நாள்! வாரியத்தில் யாருக்கும் அது தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஒன்றரை மணி நேரத்தில் 150 கேள்விகள். ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448. நூற்றுக்கு அரைப் பேர்கூட இல்லை. ஆசிரியர்களின் லட்சணம் இதுதான் என்று ஒரு கூட்டம் சிரித்தது. கேள்விக்கு அரை நிமிஷத்துக்குச் சற்று அதிகம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. அக்டோபரில் அரசே மூன்று மணி நேரம் கொடுத்து மறுபடி நடத்தியது. ஏறத்தாழ 19 ஆயிரம் பேர் தேறினார்கள். மூன்று மாதத்தில் மாநிலத்தின் அறிவு எட்டு மடங்கு ஆகிவிடவில்லை. கடிகாரம் மாறியது, அவ்வளவுதான்.

2014ல் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு வந்தது. 82 மதிப்பெண் போதும் என்றார்கள். நியமனத்துக்கான வெயிட்டேஜ் கணக்கையும் அதே வருஷம் மாற்றி அமைத்தார்கள். இடைநிலை ஆசிரியருக்குத் தகுதித் தேர்வு 60, டிப்ளமோ 25, பிளஸ் டூ மதிப்பெண் 15. உண்டு உறைவிடப் பள்ளியில் வாத்தியார் இருந்தும் இல்லாமலும் பிளஸ் டூ முடித்த மலைப் பிள்ளைக்கு அந்த 15 எங்கிருந்து வரும்? வாத்தியார் இல்லாத பள்ளியில் படித்ததற்கான அபராதத்தை, வாத்தியாராக வர நினைக்கும்போது கட்டச் சொன்ன கணக்கு அது. 2016ல் உச்ச நீதிமன்றம் தளர்வையும் வெயிட்டேஜையும் செல்லும் என்றது. 2018ல் அரசே வெயிட்டேஜைக் கைவிட்டு, தகுதித் தேர்வில் தேறியவர் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றது. சான்றிதழுக்கு ஏழு வருஷ ஆயுள் என்ற விதியால், தேறியவர்களின் தாள் வேலை கிடைக்கும் முன்பே காலாவதியாகும் கூத்தும் நடந்தது. 2021ல் ஆயுளை வாழ்நாள் முழுக்க நீட்டித்து மத்திய அரசு அதைச் சரிசெய்தது. இடைநிலை ஆசிரியருக்கான அந்தப் போட்டித் தேர்வு நடந்தது 2024 ஜூலை 21ல்.

நடுவில் காலியிடங்கள் என்ன ஆயின? 2022 ஜூனில் 13,331 இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்பச் சொன்னார்கள். இடைநிலை ஆசிரியருக்குத் தொகுப்பூதியம் 7,500 ரூபாய். ஆறேழு ரூபாய்க்குத் தகுதியான ஆள் வரமாட்டான் என்று எழுதிய மன்றோவின் குறிப்பை அந்தக் கோப்போடு சேர்த்து வைத்திருக்கலாம். தகுதிக்கு அளவுகோல் இவ்வளவு கறாராக இருந்த அதே பத்தாண்டில்தான் கூலி இவ்வளவு தாராளமாகக் கீழே இறங்கியது.

மலைக்கு மலைக்காரரையே வாத்தியாராக்கலாமே என்று வாசகர் கேட்கலாம். ஆந்திரம் கேட்டது. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் பட்டியல் பகுதிப் பள்ளிகளின் ஆசிரியர் வேலை முழுவதையும் பழங்குடியினருக்கே ஒதுக்கி அரசாணை போட்டது. வாத்தியார்கள் பள்ளிக்கே வருவதில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன முதல் காரணம். இருபது வருஷம் கழித்து, 2020 ஏப்ரலில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு நூற்றுக்கு நூறு ஒதுக்கீடு செல்லாது என்று தீர்த்தது. தமிழ்நாட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே வழியில்லை. அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப்படி இங்கே எந்த மலையும் பட்டியல் பகுதியாக அறிவிக்கப்படவில்லை. ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்டத்தில் கல்வராயன் உண்டு. அது நிதி ஒதுக்கும் திட்டம், அதிகாரம் கொடுக்கும் ஏற்பாடு இல்லை. மாநில அளவில் பழங்குடியினருக்கு ஒரு விழுக்காடு என்ற பொது விதியில் கல்வராயன் பெண்ணும் நீலகிரிப் பையனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தேறினாலும் போஸ்டிங் சொந்த மலையில் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கை எடுத்தது. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு சாராயத்தோடு நிற்கவில்லை. கல்வராயன் மக்களின் வாழ்நிலை முழுவதையும் விசாரணைக்குக் கொண்டுவந்து, ஜாகீர் காலம் வரை பின்னோக்கிப் போய்ப் பார்த்தது. கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் புதிதாகப் பிறந்தது. மலையின் பிரச்சினைகள் அதைவிட மிக மூத்தவை.

இப்போது கடைசித் திருப்பத்துக்கு வருவோம். 2010க்கு முன் வேலைக்கு வந்தவர்களுக்குத் தகுதித் தேர்வு தேவையில்லை என்றே எல்லாரும் இருந்தார்கள். 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தீபங்கர் தத்தா, அகஸ்டின் ஜார்ஜ் மசி அமர்வு அந்த நிம்மதியைக் கலைத்தது. ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருஷத்துக்குள் தேர்வில் தேற வேண்டும். இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போக வேண்டும். ஐந்து வருஷத்துக்குள் ஓய்வு பெறுபவர்கள் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடைக்காது. தமிழ்நாடு அரசு சீராய்வு மனு போட்டது. பணியில் இருப்பவர்களுக்கென்றே சிறப்புத் தேர்வுகளை 2026ல் நடத்தவும் முடிவெடுத்தது.

பிள்ளைக்குத் தெரிந்த வாத்தியார் வேண்டும் என்பதில் எனக்கு வழக்கில்லை. இருபது வருஷம் வகுப்பில் நின்ற ஆளை ஓ.எம்.ஆர். தாளில் கட்டம் கறுக்க வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும் என்பதில் வழக்குண்டு. மலையில் இதன் கணக்கு இன்னும் நெருக்கமானது. இரண்டு ஆசிரியர் உள்ள ஒன்றியப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் 2010க்கு முன் வந்தவர்கள், இருவருக்கும் வயது ஐம்பதுக்குக் கீழே. பகலில் ஐந்து வகுப்பு, மாலையில் பஸ், இரவில் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும் என்று கைடு வாங்கிப் படிக்கிறார்கள். ஒருவர் தேறி ஒருவர் தேறாவிட்டால், 2027 செப்டம்பரில் அது ஓராசிரியர் பள்ளி. இருவரும் தேறாவிட்டால் அந்த இடங்களுக்கு வரப்போகிறவர், தகுதித் தேர்வும் போட்டித் தேர்வும் தாண்டிய, சமவெளியிலிருந்து வரும் ஓர் இளைஞர். மலை சுழற்சியில் இறங்குவதற்கு எத்தனை வருஷம் என்பதை அவர் கலந்தாய்வு நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்.

அடுத்த இதழில்: 2000களில் மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கில் திறந்து, வந்த வேகத்திலேயே பூட்டுப் போட்ட தனியார் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள்.